பாதி வட்டு உனக்கு, பாதி எனக்கு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊர்க்கதையெல்லாம் அப்புறம். பார்சல் வந்துவிட்டதா? தாளில் சுற்றிய அந்தப் பாதி வட்டைக் குப்பையில் போட்டுவிடாதே. அது டீ.

ஷெங் பூயர் என்பார்கள். சீனாவின் யுன்னான் மாகாணத்தில், மியான்மர் எல்லையை ஒட்டிய புலாங் மலை இலை. நம் அஸ்ஸாம் இலைக்குச் சொந்தம்தான். இரும்புச் சட்டியில் வாட்டி, உருட்டி, வெயிலில் காயவைத்து, ஆவி காட்டி 357 கிராம் வட்டாக அழுத்துவார்கள். 1973 வாக்கில், ஈரத்தில் குவித்து ஒன்றிரண்டு மாதத்திலேயே இலையைக் கறுக்கவைக்கும் வழி வந்தது. அது வேறு ருசி. இதுவோ வருஷக்கணக்கில் தானாக முதிர்வது.

உன்னைத் தெரியும், பாலில் போட்டு இஞ்சி தட்டிக் கொதிக்கவைப்பாய். வேண்டாமப்பா! நூறு மில்லி பிடிக்கிற மூடிபோட்ட கிண்ணம் போதும், இலை ஆறு கிராம். வட்டை உடைக்காதே, ஓரத்தில் கோணி ஊசியை நுழைத்து அடுக்கடுக்காக நெம்பு, இலை முழுசாக வரும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி உடனே கொட்டிவிடு. அடுத்த முறை ஐந்து எண்ணுவதற்குள் வடித்துவிடு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிக்கொண்டே போ. அதே இலை பத்துத் தடவை தாங்கும்.

முதலில் லேசாகப் புகைவாசம். பிறகு கசப்பு நாக்கின் இரு பக்கமும் பிடிக்கும். அங்கே நிறுத்திவிடாதே. விழுங்கிய பிறகு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல அடித்தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு ஏறுகிறது பார், அதற்காகத்தான் இவ்வளவும்.

ஒன்று சொல்ல வேண்டும், சேகர். இளசான ஷெங் வயிற்றைப் பிடுங்கும். போன தீபாவளிக்கு நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மீனா போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பி. அவர் சரி என்றாலும் சாப்பிட்ட பிறகுதான், அதுவும் பாதி இலை போட்டு. வேண்டாம் என்றால் பத்திரமாக எடுத்து வை, அதுவே போதும்.

ஏனென்றால் எனக்கு வேறொரு ஆசை. ஹாங்காங்கின் ஈரக்காற்றில் வட்டு சீக்கிரம் முதிரும், யுன்னான் தலைநகர் குன்மிங்கின் வறண்ட காற்றில் மெதுவாக. சென்னைப் புழுக்கத்தில் என் பாதி, கோவைக் காற்றில் உன் பாதி. ஒரே வட்டு இரண்டு ஊரில் எப்படிப் பிரிந்து போகிறது என்று பார்க்க வேண்டும்! எனக்குப் பூசணம்தான் கவலை, மழைக்காலத்தில் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். நீ அதை அட்டைப்பெட்டியில், வெயில் படாமல், மசாலா டப்பாக்கள் பக்கம் போகாமல் வை. எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

வருஷத்துக்கு ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடிப்போம். பொங்கலுக்கு வரும்போது ஒரு துண்டு கொண்டுவா. ராகவனையும் கூப்பிடுகிறேன். சர்க்கரை கேட்பான், கொடுக்கக்கூடாது.

உன்,
பாலு