வேளச்சேரியிலிருந்து கமலாவுக்கு

வேளச்சேரி, சென்னை
டிசம்பர் 2025

அன்புள்ள கமலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டிட்வா புயல் இலங்கையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன பிறகு, வலுவிழந்து சென்னைக் கரையோரம் நின்று கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. உங்கள் பக்கம் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடப்பதைச் செய்தியில் பார்த்தேன். உங்கள் வயல் தப்பித்ததா? அண்ணனுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? இரண்டைப் பற்றியும் நீ ஒரு வரிகூட எழுதவில்லை. பக்கம் பக்கமாக, போன மாதம் பிரேசிலின் பெலெமில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டைத் திட்டித் தீர்த்திருக்கிறாய்.

“30 மாநாடு கூட்டி என்ன கண்டார்கள்?” என்று கேட்டிருந்தாய். உன் கோபத்தில் பாதிக்கு மேல் எனக்கும் உண்டு. 1992இல் ரியோவில் பருவநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றிலிருந்தும் உலகம் விலகிச் செல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுத 2023 வரை ஆயிற்று. அதை எப்படிச் செய்வது என்று பெலெமில் வழி வகுப்பார்கள் என்று பல நாடுகள் காத்திருந்தன. இறுதி அறிக்கையில் அந்தப் பேச்சே இல்லை. போன வருஷம் அஜர்பைஜானின் பாக்குவில் நடந்த மாநாட்டிலும் இதே கதைதான். பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர் வேண்டும் என்று கேட்டதற்கு, 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று முடித்தார்கள். இந்தியப் பிரதிநிதி அந்த அரங்கிலேயே எழுந்து, இதை ஏற்க முடியாது என்றார். அமெரிக்கா மறுபடியும் பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறுகிறது. 2024தான் பதிவானதிலேயே மிக வெப்பமான ஆண்டு. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம். பாரிஸ் ஒப்பந்தத்தில் எல்லையாகப் பேசிய 1.5 டிகிரி என்பது பல ஆண்டுச் சராசரி, அதனால் ஒரு வருஷத்தை வைத்து எல்லை உடைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் பயமாக இருக்கிறது.

அப்படியிருந்தும், இவற்றால் ஒன்றும் ஆகவில்லை என்று நீ எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் இருக்கும் இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இங்கே வானம் உடைந்து கொட்டியபோது, பாரிஸ் மாநாடு தொடங்கி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது துபாய் மாநாடு நடந்துகொண்டிருந்தது. இரண்டு முறையும் வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடியது. 2015 வெள்ளத்தைப் பார்த்த உடனே, புவி வெப்பமாதல்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னோம். அந்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் அப்படிச் சொல்லவில்லை, அதில் வெப்பமாதலின் பங்கைத் தெளிவாகக் காண முடியவில்லை என்றுதான் எழுதினார்கள். அது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி வானிலையைக் குலைக்கும் வலுவான எல் நினோ ஆண்டும்கூட. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. பூமி ஒரு டிகிரி சூடானால் காற்று தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும், பெருமழைகள் இன்னும் கனக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று விழுந்த மழை எங்கள் அடுப்படிவரை வந்ததற்கான காரணம் வானத்தில் இல்லை, தரையில் இருந்தது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நீ பார்த்திருக்கிறாய். தென்சென்னை ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றுக்கு வழிந்து, கடைசியில் வந்து சேரும் இடம் அது. அங்கே தண்ணீர் பரந்து நிற்கும், கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும், மீதி ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேரும். 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த நிலம். அதன் மேல் குப்பை கொட்டினோம், குறுக்கே சாலை போட்டோம், கண்ணாடிக் கட்டடங்களும் குடியிருப்புகளும் எழுப்பினோம். வேளச்சேரியில் இருக்கும் எங்களில் பலருடைய வீடும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடத்தில்தான் இருக்கிறது. தண்ணீருக்குப் பழைய வழி மறக்கவில்லை.

இந்த நிலத்துக்கும் உலக ஒப்பந்தத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாய். 1971இல் ஈரானில், காஸ்பியன் கடலோரத்தில் இருக்கும் ராம்சர் என்ற ஊரில், ஈரநிலங்களைக் காப்பதற்காக ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். இந்தியா 1982இல் சேர்ந்தது. தமிழ்நாட்டில் முதலில் அந்த ஒப்பந்தத்தின் ஈரநிலப் பட்டியலில் ஏறியது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கோடியக்கரைதான், 2002இல். அடுத்த 20 வருஷம் அது ஒன்றே ஒன்று. 2022இல் பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல், வடுவூர் என்று வரிசையாக ஏறின. இன்று தமிழ்நாட்டில் 20, இந்தியாவிலேயே அதிகம். பள்ளிக்கரணையில் சுமார் 1,248 ஹெக்டேர் அப்படிப் பட்டியலில் இருக்கிறது.

பட்டியலில் பெயர் ஏறிய மறுநாள் எதுவும் மாறவில்லை, அது உண்மை. ஆனால் இந்த ஆண்டு செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஓர் உத்தரவு போட்டது. ராம்சர் எல்லையையும், அதைச் சுற்றிப் பாதிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதையும் அறிவியல் முறையில் வரையறுக்கும்வரை, சதுப்பு நிலத்திலும் அதிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டட அனுமதி தரக்கூடாது. இத்தனை வருஷம் மனு மனுவாக எழுதியும் நிற்காத கான்கிரீட், ஒரு பட்டியலில் ஏறிய பெயரைப் பிடித்துக்கொண்டு வழக்காடியதால் நின்றது. ராம்சரில் கையெழுத்துப் போட்டவர்கள் யாருக்கும் பள்ளிக்கரணை என்ற பெயர் தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் எழுதியது இல்லையென்றால் வழக்குப் போட்டவர்களுக்கு நிற்கக் கால் இருந்திருக்காது.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பெரிய பணக்காரர்கள் இல்லை, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு அந்த வட்டத்துக்குள் ஒரு மனை வாங்கியது. மகளுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு மாடி எழுப்ப நினைத்தார்கள், இப்போது கைகட்டி நிற்கிறார்கள். பெரிய பெரிய வளாகங்கள் எல்லாம் எழும்பி முடிந்த பிறகு, கடைசியாக வந்தவன் தலையில்தானா விடியும் என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. எல்லையைச் சீக்கிரம் வரைந்து, யார் கட்டலாம், யார் கட்டக்கூடாது, கட்ட முடியாதவருக்கு என்ன ஈடு என்று அரசு தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். தடை மட்டும் போட்டுவிட்டு ஆட்களைத் தொங்கலில் விட்டால், சதுப்பு நிலத்தையே எதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அது நடந்தால் எந்தப் பட்டியலும் காப்பாற்றாது.

அப்புறம், எந்த ஒப்பந்தம் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று யோசித்தால் ஓசோன் ஒப்பந்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் வருஷா வருஷம் அந்தப் பாடம் நடத்தியவள் நான். 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் தேய்ந்திருப்பதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். இரண்டே வருஷத்தில், 1987இல், மான்ட்ரியலில் ஒப்பந்தம் ஆயிற்று. உலகத்தின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த அந்த வாயுக்கள் இன்று ஏறக்குறைய 99 சதவீதம் ஒழிந்துவிட்டன. இப்படியே போனால் 2066 வாக்கில் அண்டார்டிகாவின் ஓட்டைகூட 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்கிறார்கள். எந்தப் பொருளை எந்த வருஷத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று அதில் தேதி இருந்தது. ஏழை நாடுகள் மாற்றுப் பொருளுக்குப் போகத் தனி நிதி இருந்தது. பருவநிலை மாநாடுகளில் இந்த இரண்டும்தான் ஒவ்வொரு முறையும் நழுவுகின்றன. உன் கோபம் மாநாடு என்ற ஏற்பாட்டின் மேல் போகக்கூடாது கமலா, தேதியையும் பணத்தையும் எழுத மறுப்பவர்கள் மேல் போக வேண்டும்.

பழைய வாத்தியாரம்மா என்பதால் இதையும் சொல்லாமல் விட முடியாது. பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு தீவு நாடு. அங்கே 2019இல் 27 சட்ட மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்து ஒரு யோசனை செய்தார்கள். கடல் ஏறி எங்கள் தீவு மூழ்கினால், புகை விட்ட நாடுகளுக்குச் சட்டப்படி பொறுப்பு இல்லையா என்று உலக நீதிமன்றத்தைக் கேட்டால் என்ன? அதை அவர்கள் அரசு எடுத்துக்கொண்டது. 2023இல் ஐ.நா. பொதுச்சபை அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. இந்த ஜூலை 23ஆம் தேதி, ஹேக் நகரத்து நீதிபதிகள் 15 பேரும் ஒருமனதாக, பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் அது சர்வதேசச் சட்டத்தை மீறுவதாகும் என்று கருத்துச் சொன்னார்கள். ஆலோசனைக் கருத்துதான், யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நாளைக்கு எந்த ஊர் நீதிமன்றத்திலும் ஒரு வக்கீல் அதை எடுத்துக் காட்டலாம். பிள்ளைகள் செய்த வேலை இது. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இனி உன் ஊருக்கு வருகிறேன். 2022 டிசம்பரில் உலக நாடுகள் மான்ட்ரியலில் மறுபடி கூடி, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காக்க வேண்டும் என்று முடிவெடுத்தன. அதற்கு மூன்று மாதம் முன்பே, உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், பாக் நீரிணையில் சுமார் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்துவிட்டது. இந்தியாவில் அதுதான் முதல். உங்கள் மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அதேதான். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும், பல வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அதனால் ஒன்று செத்தாலும் ஈடுகட்டுவது கடினம். அது மேயும் கடற்புல்லின் வேர்ச் சேற்றில் கார்பன் பல காலம் அடங்கிக் கிடக்கிறது, அதில்தான் மீன் குஞ்சுகளும் இறாலும் வளர்கின்றன. தஞ்சாவூர்க் கரையில் வலையில் சிக்கிய ஆவுளியாவை மீனவர்களே வலையை அறுத்துக் கடலில் விட்டிருக்கிறார்கள். வலை என்ன விலை என்று உனக்குத் தெரியும். மான்ட்ரியல் எழுதிய 30 சதவீதம் நிஜமாவது அந்தக் கையில்தான்.

பிச்சாவரத்தில் நடந்ததும் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிரிட்டிஷ் காலத்தில் அலையாத்திக் காட்டைக் கூறு கூறாக வெட்டியதால் நிலம் வெயிலில் காய்ந்து குழிவாகிவிட்டது. கடல்நீர் உள்ளே வந்து வெளியே போக முடியாமல் தேங்கி, உப்பு ஏறி, எதை நட்டாலும் பட்டுப்போனது. தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990களில் கிராமத்து மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஏற்றத்தில் தண்ணீர் வரவும் வற்றத்தில் போகவும் வழி கிடைத்தது, காடு திரும்ப வந்தது. 2004 சுனாமியில் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு. பள்ளிக்கரணைக்கும் முதலில் வேண்டியது இதே வைத்தியம்தான் என்று நினைக்கிறேன், தண்ணீர் வந்து போக வழி. ஒக்கியம் மடுவை அகலமாக்குவது ஆயிரம் மரக்கன்று நடுவதைவிடப் பெரிய காரியம், யாரும் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாவிட்டாலும்.

வரும் ஜனவரி 17ஆம் தேதி ஆழ்கடல் ஒப்பந்தம் அமலுக்கு வருகிறது, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலுக்கு முதல் தடவையாக ஒரு காவல். அதைப் பற்றி இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

நீ எனக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். அடுத்த முறை மல்லிப்பட்டினம் பக்கம் போகும்போது மனோரா வரை போய், பாதுகாப்பகம் வந்த பிறகு பிழைப்பில் என்ன மாறியது என்று கரைவலைக்காரர்களிடமும் நண்டு பிடிக்கும் பெண்களிடமும் கேட்டு எழுது. அதிகாரிகள் சொல்வதைப் பேப்பரில் படித்துக்கொள்கிறேன், அவர்கள் சொல்வது எனக்கு வேண்டும். குறை சொன்னால் அதையும் அப்படியே எழுது.

பொங்கலுக்குப் பேரன் பெங்களூரிலிருந்து வருகிறான். நீயும் அண்ணனும் தை மாதக் கடைசியில் வந்தால் சதுப்பு நிலத்தில் பூநாரைகள் நிற்கும், அவனும் நாமும் சேர்ந்து போய்ப் பார்க்கலாம். டிக்கெட் இப்போதே போட்டுவிடு. வயலைப் பற்றி மறக்காமல் எழுது.

உன் அன்புத் தோழி,
வசந்தா