ஏப்ரலில் விலகல் கடிதம், ஜூனில் புது நியமனம்: தனியார் பள்ளிகள் இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தனியார் பள்ளிகள் இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு, பல தனியார் பள்ளிகளில் ஆசிரியர்களிடம் இந்த ஆண்டும் ஒரு வெள்ளைத் தாள் நீட்டப்பட்டது. "சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்கிறேன்" என்று எழுதி, தேதி போடாமல் கையெழுத்திட வேண்டும். ஜூனில் அதே ஆசிரியர், அதே வகுப்பு, புது நியமனம். இந்த வழக்கம் தங்கள் அலுவலகம் அறியாததல்ல. அந்தத் தாள் எதையெல்லாம் பறிக்கிறது என்பதை மட்டும் கணக்காகச் சொல்கிறோம்.

சம்பளம் மாதம் 15,000 ரூபாய் என்று கொள்வோம். மே மாதச் சம்பளம் போவது கண்ணுக்குத் தெரியும். வருங்கால வைப்பு நிதியில் ஆசிரியர் பங்கு 1,800, நிர்வாகத்தின் பங்கு 1,800. அந்த மாதம் இரண்டும் ஏறாது. இதைவிடப் பெரிய இழப்பு, வேலையை விடும்போது நிர்வாகம் மொத்தமாகத் தர வேண்டிய பணிக்கொடை. பத்தாண்டு வேலை பார்த்தவருக்கு, 15,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பத்தாலும் பெருக்கினால் 86,538 ரூபாய் வரும். ஆசிரியர்களுக்கும் இது உண்டு என்ற சட்டத் திருத்தத்தை 2022-இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது. ஆனால் அதற்கு ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும். கோப்பில் பத்து விலகல் கடிதங்கள் இருந்தால், நிர்வாகத்தின் கணக்கில் அவர் பத்து முறை புதிதாகச் சேர்ந்தவர். கடிதத்தின் வேலையே அதுதான்.

சம்பளம் இல்லாத அந்த மே மாதத்தில்தான், மாணவர் சேர்க்கைக்காக அதே ஆசிரியர்கள் துண்டறிக்கையோடு வெயிலில் வீடு வீடாக அனுப்பப்படுகிறார்கள். விலகியவரை எந்தக் கணக்கில் அனுப்புகிறார்கள் ஐயா?

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 36,400-இல் தொடங்குகிறது. அந்தத் தொகையை இந்த மடலில் நாங்கள் கேட்கவில்லை. அங்கே பணிப்பதிவேடு இருக்கிறது. சேர்ந்த நாள், விடுப்பு, ஊதிய உயர்வு எல்லாம் அதில் ஏறும். இங்கே இருபது ஆண்டு பாடம் நடத்தியவருக்கும் மிஞ்சுவது ஓர் அனுபவச் சான்று, அதுவும் நிர்வாகம் மனம் வைத்தால். அசல் பட்டச் சான்றுகளோ பல இடங்களில் பள்ளி பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. வழக்குப் போடலாம் என்றால், ஆசிரியர் 'தொழிலாளி' அல்லர் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தின் கதவை அடைத்துவிட்டது. ஆகவேதான் தங்களிடம் வருகிறோம்.

கேட்பது ஒன்றே: பன்னிரண்டு மாதச் சம்பளம், வங்கி வழியாக, சம்பளச் சீட்டோடு.

இதைச் சரிபார்க்கப் புதுச் சட்டம் வேண்டாம். அங்கீகாரம் புதுப்பிக்கும்போது கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேட்கிறீர்கள். அவற்றோடு, கட்டண நிர்ணயக் குழுவுக்குப் பள்ளி காட்டிய ஊதியச் செலவுப் பட்டியல், பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் ஏற்றிய ஆசிரியர் பட்டியல், வருங்கால வைப்பு நிதிக்கு மாதாமாதம் அனுப்பிய பட்டியல் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டில் இருக்கும் பெயர் மூன்றாவதில் இல்லையென்றால் அங்கேயே கேள்வி கேட்கலாம். வங்கியில் முழுச் சம்பளம் போட்டு, மறுநாள் பாதியை ரொக்கமாகத் திரும்ப வாங்கும் பள்ளிகளைத் தாள்கள் காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆய்வின்போது நிர்வாகத்தினர் இல்லாமல் ஆசிரியர்களிடம் தனியாகப் பேச வேண்டும்.

அரசும் இதில் சுத்தமில்லை. 2012-இல் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மே மாத ஊதியம் கேட்டு எத்தனை ஆண்டுகள் தெருவில் உட்கார்ந்தார்கள்! அதைப் பார்த்த நிர்வாகிகளுக்குத் துணிச்சல் வராமல் என்ன செய்யும்? இந்த வருத்தம் தங்கள் இயக்ககத்தோடு முடிவதல்ல என்பதை அறிவோம், மன்னிக்கவும்.

அடுத்த ஏப்ரலுக்குள் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பன்னிரண்டு மாதச் சம்பளம், வங்கி வழியாக, சம்பளச் சீட்டோடு தரும் பள்ளிக்கே அங்கீகாரம் புதுப்பிக்கப்படும் என்றும், தேதியில்லாத விலகல் கடிதம் செல்லாது என்றும் அதில் இருக்கட்டும். பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தனியார் பள்ளி ஆசிரியர்கள் சிலர்