பின் கண்ணாடியும் ஆடிக் காற்றும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. குறுவை நடவு நேற்றுதான் முடிந்தது, அதனால்தான் தாமதம். முட்டி வலி அப்படியே இருக்கிறது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். இனி, உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒரு விஷயம்.

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குக் காரில் போனோம். ஏசி போட்டால் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று வீட்டுக்காரி பின் சீட்டில் உட்கார்ந்து தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் முழுவதும் இறக்கிவிட்டாள். வல்லம் தாண்டி எழுபதைத் தொட்டதும் ஆரம்பித்தது: குப், குப், குப் என்று காதுக்குள் யாரோ உள்ளங்கையால் அடிப்பதுபோல. ஓசை என்றும் சொல்ல முடியாது, அழுத்தம். டயர்தான் போய்விட்டது என்று ஓரங்கட்டி நான்கையும் உதைத்துப் பார்த்தேன். மறுநாள் மெக்கானிக் வீல் பாலன்சிங் செய்து ஒரு பில்லும் கொடுத்தார். அடுத்த பயணத்தில் அதே குப் குப்.

அன்று சுங்கச்சாவடியில் ஊழியரிடம் பேச என் கண்ணாடியை இறக்கியவன், ஏற்ற மறந்துவிட்டேன். துவாக்குடி வரை எண்பதில் போயும் சத்தமே இல்லை. ஏற்றினேன், வந்தது. நான்கு விரல் அளவு இறக்கினேன், நின்றது. திருச்சி போய்ச் சேரும்வரை இதே விளையாட்டுதான். "உங்களுக்கு என்ன ஆயிற்று?" என்றாள் அவள்.

பள்ளிக்கூட வாசலில் காலி சோடா பாட்டில் வாயில் உதட்டை வைத்து நீ ஊதுவாயே, அதேதான் இது. திறந்த ஜன்னலின் முன் விளிம்பைத் தாண்டும் காற்று சுழல் சுழலாக உருண்டு பின் விளிம்பில் மோதுகிறது. ஒவ்வொரு மோதலுக்கும் உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங்போல அமுங்கி மீள்கிறது. சுழல்கள் வரும் வேகமும் உள்காற்று ஆடும் வேகமும் ஒன்றாகிவிட்டால் போதும், கார் முழுவதும் பாட்டிலாகிவிடும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் அழைக்கப்படும் ஒத்ததிர்வு இது. பாட்டிலில் இருப்பது கையளவு காற்று, அதனால் ஊதல். காருக்குள் சுமார் 3,000 லிட்டர் காற்று. வினாடிக்கு 15 முதல் 20 தடவைதான் ஆடும். நம் காதின் கீழ் எல்லையே ஏறத்தாழ 20 என்பதால், கேட்பதைவிடச் செவிப்பறையில் அடியாகத்தான் தெரிகிறது. இன்னொரு கண்ணாடியைத் திறப்பது பாட்டிலின் அடியில் ஓட்டை போடுவதற்குச் சமம். முன் ஜன்னலை மட்டும் திறந்தால் இவ்வளவு தொந்தரவு இல்லை. அங்கே பின்னால் வருவதைப் பார்க்க வெளியே நீட்டியிருக்கும் கண்ணாடியும், முன் கண்ணாடியின் ஓரத்துச் சாய்ந்த தூணும் காற்றின் ஒழுங்கைக் கலைத்துவிடுகின்றன.

இன்னொன்றையும் கவனித்தேன். திரும்பி வரும்போது அதே எழுபதில் சத்தம் மிகக் குறைவு. முதலில் புரியவில்லை. பிறகு சாலையோரத் தென்னை மட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் கிழக்கே சாய்ந்து நின்றன. திருச்சிக்குப் போகையில் ஆடிக் காற்று எதிரே வந்து மோதுகிறது, திரும்புகையில் முதுகில் தள்ளுகிறது. ஜன்னலுக்குக் கணக்கு காற்றின் வேகம்தான், ஸ்பீடாமீட்டர் இல்லை. மெக்கானிக்கிடம் கொடுத்த பணத்துக்கு இதைக் கண்டுபிடித்த சந்தோஷமாவது மிஞ்சியது.

உன் அப்பாவின் அம்பாசிடரில் இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை. எப்படி வரும்? கதவிடுக்கு, தரை என்று எல்லா இடத்திலும் காற்று புகும், மழை பெய்தால் தண்ணீரும் புகும். முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டு, அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாக நாற்பதில் கும்பகோணம் போவோம். இன்றைய கார்களை இடுக்கில்லாமல் அடைத்து வழுவழுப்பாகச் செய்கிறார்கள்; பாட்டிலும் அப்படி இருந்தால்தானே ஊதும்?

ஆடிப்பெருக்குக்குத் திருவையாறு போகிறோம், நீயும் வந்துவிடு. பின் சீட்டு உனக்குத்தான். கண்ணாடியை இஷ்டம்போல் இறக்கிக்கொள், என் பக்கத்தில் நான்கு விரல் நான் இறக்கிவைக்கிறேன். வீட்டுக்காரி மட்டும் இன்னும் டயரைத்தான் சந்தேகப்படுகிறாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்