பத்துப் பேரில் ஹெட்லி எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எல்லாக் காலத்துக்கும் சிறந்த பத்து டெஸ்ட் பேட்ஸ்மேன்கள் என்று சென்ற இதழில் வந்த பட்டியலை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் படித்தது. கோலி இல்லை என்று பேரனுக்குக் கோபம். லாராவை இவ்வளவு கீழே தள்ளிவிட்டார்களே என்று மகனுக்கு வருத்தம். எனக்கு வருத்தம் வெஸ்ட் இண்டீஸ் பேட்ஸ்மேன் ஜார்ஜ் ஹெட்லி பெயரே இல்லாததில். அதைச் சொன்னதும் பேரன், “யாரு தாத்தா அது?” என்றான். அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

கட்டுரையாளர் மொத்த ரன், மொத்த சதம் இரண்டையும் அளவுகோலாக வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவின் பிராட்மேனுக்கு மட்டும் விலக்கு கொடுத்து முதலிடத்தில் உட்கார வைத்துவிட்டார். அதில் எனக்குச் சண்டை இல்லை. 99.94 என்ற சராசரிக்கு அடுத்து, நிறைய ஆடியவர்களில் வருவதே 60, 61தான். பிரச்சினை மற்ற ஒன்பது இடங்களில் இருக்கிறது.

சச்சின் டெஸ்ட் ஆடியது 1989 முதல் 2013 வரை, 24 வருஷம். ஹெட்லி ஆடியது 1930 முதல் 1954 வரை, அதுவும் 24 வருஷம். சச்சினுக்குக் கிடைத்தவை 200 டெஸ்ட். ஹெட்லிக்கு 22. அன்று வெஸ்ட் இண்டீஸை ஆட அழைப்பவர்களே குறைவு, நடுவில் உலகப் போர் வேறு. அந்த 22 டெஸ்ட்டில் 40 இன்னிங்ஸ், 10 சதம், 2190 ரன், சராசரி 60.83. நாலு தடவை பேட்டைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு தடவை சதம். சச்சினின் 51 சதங்களுக்கு 329 இன்னிங்ஸ் ஆயிற்று. சச்சினைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. சென்னையில் இருந்துகொண்டு அப்படி எழுதினால் தெருவில் நடக்க முடியாது. மொத்தக் கணக்கு என்பது ஒருவருக்கு எத்தனை வாய்ப்பு கிடைத்தது என்பதையும் சேர்த்தே எண்ணுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, எண்ணிக்கை போகட்டும். காலடியில் என்ன இருந்தது என்று பார்ப்போம். அன்று ஆட்டம் தொடங்கிவிட்டால் பிட்சை மூடும் வழக்கம் கிடையாது. மழை பெய்து வெயில் அடித்ததும் மேல்மண் இறுகத் தொடங்கும், அடிமண் ஈரமாகவே இருக்கும். ஒரே இடத்தில் விழும் இரண்டு பந்துகளில் ஒன்று கணுக்காலுக்கு வரும், அடுத்தது கழுத்துக்கு வரும். எனக்கு இது கொஞ்சம் புரியும். எண்பதுகளில் நான் சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் பாய் (மேட்) விரித்த பிட்சில் ஆடியவன். மழைக்கு மறுநாள் மண் இளகியிருந்தால் பாயை இழுத்து அடித்த ஆணி பிடிக்காது, நடுவில் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தில் பட்ட பந்து எங்கே வரும் என்பது போடுகிறவனுக்கே தெரியாது. அப்படி ஒரு நாளில் நான் எடுத்த 31 ரன்னை வீட்டில் யாரும் மதிப்பதில்லை.

பிராட்மேனே இப்படிப்பட்ட பிட்சைக் கண்டு ஒதுங்கியவர்தான். 1937 புத்தாண்டில் தொடங்கிய மெல்பர்ன் டெஸ்டில் மழைக்குப் பிறகு ஆடவேண்டி வந்தபோது, கேப்டனான அவர் வரிசையையே தலைகீழாக்கினார். பேட்டைப் பிடிக்கவே தெரியாத ஃப்ளீட்வுட்-ஸ்மித்தையும் ஓ’ரெய்லியையும் தொடக்க ஆட்டக்காரர்களாக அனுப்பினார். பிட்ச் காய்ந்த பிறகு தான் ஏழாவதாக இறங்கி, ஃபிங்கிள்டனோடு சேர்ந்து ஆறாவது விக்கெட்டுக்கு 346 ரன் சேர்த்தார். அதில் அவருடையது 270. கேப்டன்ஸி என்று பார்த்தால் பிரமாதம். பேட்டிங் என்று பார்த்தால், அந்த 270 காய்ந்த பிட்சில் வந்தது.

ஈரப் பிட்சுகளை மட்டும் தனியாகப் பிரித்து கிரிக்கெட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். அதில் பிராட்மேனுக்கு 15 இன்னிங்ஸ். ஐம்பதைத் தாண்டியது ஒரே தடவை. ஹெட்லிக்கு 13 இன்னிங்ஸ், ஏழு தடவை தாண்டியிருக்கிறார். ஜேம்ஸ் டிரினிடாட்காரர், அவரும் வெஸ்ட் இண்டீஸ்தான், ஹெட்லி மேல் பாசம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் ஏழுக்கு ஒன்று என்பது பாசத்தில் வருகிற வித்தியாசம் இல்லை. ஹெட்லியைக் ‘கறுப்பு பிராட்மேன்’ என்று மற்றவர்கள் சொன்னபோது, கரீபியன்காரர்கள் பிராட்மேனை ‘வெள்ளை ஹெட்லி’ என்றார்கள். சும்மா சொல்லவில்லை. 1939இல் லார்ட்ஸ் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார், 106, 107. அந்த மைதானத்தில் அதற்கு முன்னால் யாரும் அதைச் செய்ததில்லை. அந்த ஆட்டத்தில் அவருடைய அணி தோற்றது.

அந்தக் காலம்தான் கஷ்டம், இந்தக் காலம் சுகம் என்று புலம்புகிற கிழவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். பழைய ஆட்டக்காரர்கள் சுகமாகத் தப்பித்த இடங்களும் உண்டு. 1957இல் எட்ஜ்பாஸ்டனில் இங்கிலாந்தின் பீட்டர் மேயும் காலின் கௌட்ரியும் நான்காவது விக்கெட்டுக்கு 411 ரன் சேர்த்தார்கள். முதல் இன்னிங்ஸில் ஏழு விக்கெட் எடுத்து இங்கிலாந்தைக் கிறங்கடித்த வெஸ்ட் இண்டீஸ் சுழற்பந்து வீச்சாளர் ராமாதீன், இரண்டாவது இன்னிங்ஸில் 98 ஓவர் வீசினார். கௌட்ரி காலை முன்னால் நீட்டி, காலில் கட்டிய பேடாலேயே தடுத்துக்கொண்டிருந்தார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டால், பேட்டால் ஆட முயலாவிட்டாலும் அவுட் கிடையாது என்பது அன்றைய விதி. இன்றைக்கு அப்படி நீட்டினால் பந்து வீசுகிறவர் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை, வீடியோவில் மறுபடி பார்க்கும் டிஆர்எஸ் பார்த்துக்கொள்ளும். அப்புறம், இன்றைய பையன்களின் பலவீனம் முழுக்க வீடியோவில் இருக்கிறது. ஒருத்தர் ஒரு தொடரில் கண்டுபிடித்ததை அடுத்த தொடரில் எல்லா அணியும் வைத்துக்கொண்டு வருகிறது. இந்தப் பக்கத்தையும் கட்டுரையாளர் தொடவில்லை.

கவாஸ்கர் பற்றி அவர் எழுதியிருப்பதிலும் ஒரு திருத்தம். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான 13 சதங்களும் நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை எதிர்த்து வந்தவை என்கிறார். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறோம். 1971இல் வந்த நான்கு சதங்களின்போது அந்த வேகப்படையே உருவாகவில்லை. 1978-79இல் வந்த நான்கின்போது பெரிய தலைகள் எல்லாம் கெர்ரி பேக்கரின் தனியார் கிரிக்கெட் தொடருக்குப் போயிருந்தார்கள். மிச்சம் ஐந்து. அவையும் எல்லாமே நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை எதிர்த்து வந்தவை அல்ல. ஆனாலும் அந்த ஐந்தே போதாதா? 1983இல் டெல்லியில் மார்ஷலையும் ஹோல்டிங்கையும் ஹூக் அடித்து 94 பந்தில் சதம். அதே தொடரில் சேப்பாக்கத்தில், ரன் கணக்கே தொடங்குவதற்குள் இரண்டு விக்கெட்டை மார்ஷல் சாய்த்த பிறகு நான்காவதாக இறங்கி ஆட்டமிழக்காமல் 236. உண்மையே இவ்வளவு கனமாக இருக்கும்போது, அதில் வேறு சதங்களைக் கூட்டிச் சொல்வானேன்?

சேப்பாக்கம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. 1975 ஜனவரி 11, சனிக்கிழமை, வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டெஸ்ட். காயத்தால் கவாஸ்கர் இல்லை. மாமாவோடு போயிருந்தேன். எனக்குப் பதினோரு வயது. ஆன்டி ராபர்ட்ஸ் ஓடி வருவது தெரியும், பந்து தெரியாது. விக்கெட் கீப்பர் கையில் போய் அறையும் சத்தம்தான் கேட்கும். இந்த அமளிக்கு நடுவே விஸ்வநாத் மட்டும் வேறு ஏதோ பிட்சில் ஆடுகிறவர் மாதிரி ஸ்கொயர் கட் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு ரன்னையும் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். கடைசி ஆளாக சந்திரசேகர் இறங்கியதும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டார். (டெஸ்டில் சந்திரா எடுத்த விக்கெட் 242, ரன் 167. பேனாவை மூடியதில் தப்பில்லை.) பிறகு விஸ்வநாத் ஒரு பவுண்டரி அடிக்க, மறுபடி எடுத்தார். சந்திராவும் ஆட்டமிழந்தபோது இந்தியா 190, விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. ராபர்ட்ஸுக்கு 64 ரன்னுக்கு ஏழு விக்கெட். அந்த டெஸ்டை நாம் 100 ரன்னில் ஜெயித்தோம்.

உங்கள் கட்டுரையாளரின் அளவுகோலில் அந்த இன்னிங்ஸுக்கு மதிப்பு பூஜ்யம், அது சதம் இல்லையே. விஸ்வநாத்தைப் பத்துப் பேரில் சேர்க்கச் சொல்லவில்லை. 41.93 சராசரியை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஹெட்லிக்கு மட்டும் ஒரு இடம் கேட்கிறேன். யாரை எடுப்பது என்று என்னைக் கேட்டால், வீட்டில் எனக்கும் மகனுக்கும் சண்டை வரும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ராயப்பேட்டை, சென்னை.

பி.கு.: 1948இல் ஓவல் மைதானத்தில் பிராட்மேன் தன் கடைசி இன்னிங்ஸில் ‘முதல் பந்திலேயே’ போல்டானார் என்று அச்சாகியிருக்கிறது. எரிக் ஹோலிஸின் முதல் பந்தை அவர் தடுத்துவிட்டார். ஸ்டம்பைச் சாய்த்தது இரண்டாவது பந்து.