ஆராய்ச்சிச் செலவும் தேசியக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் ஆகும் செலவை முதலீடு என்று எழுதுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியை (ஜிடிபி) பெரிதாகக் காட்டச் செய்த கணக்கு வித்தை என்ற குற்றச்சாட்டு, பொருளாதார வளர்ச்சி பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் தலைதூக்குகிறது. தேசிய வருமானக் கணக்கைப் பல ஆண்டுகள் கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த மாற்றம் நியாயமானது, நெடுங்காலம் தாமதமானதும்கூட. நம் நாட்டில் குறை இருப்பது வேறோர் இடத்தில்.

நாடுகள் தங்கள் ஜிடிபியைக் கணக்கிடப் பின்பற்றும் பொது விதித்தொகுப்பான ஐக்கிய நாடுகள் அவையின் தேசியக் கணக்கு முறை, அதன் 1993ஆம் ஆண்டுப் பதிப்பில் மென்பொருளையும் கனிமத் தேடலையும் முதலீடாக ஏற்றுக்கொண்டது, ஆனால் ஆராய்ச்சியை வெளியே நிறுத்திவிட்டது. ஒரு மருந்து நிறுவனம் புதிய மருந்துக்கான ஆய்வில் 100 கோடி ரூபாய் செலவிட்டால், அந்தத் தொகை மூலப்பொருள், மின்சாரம் ஆகியவற்றோடு இடைநிலை நுகர்வாகக் கருதப்பட்டு உற்பத்தி மதிப்பிலிருந்து கழிக்கப்பட்டது. அதே நிறுவனம் அதே 100 கோடிக்கு மாத்திரை தயாரிக்கும் இயந்திரங்களை வாங்கியிருந்தால் அது மூலதன ஆக்கம், அதாவது முதலீடு. ஆய்வில் கிடைத்த மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகள் செல்லும். ஓராண்டுக்கு மேல் உற்பத்திக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுவதே நிலை மூலதனம் என்று வரையறுத்துவிட்டு, அந்த வரையறைக்கு முழுமையாகப் பொருந்தும் ஒன்றை ஒதுக்கி வைத்ததுதான் உண்மையில் கணக்குப் பிழை. 2008ஆம் ஆண்டு முறை அதைத் திருத்தியது. ஆஸ்திரேலியா 2009இலும், அமெரிக்கா 2013 ஜூலையிலும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2014 செப்டம்பரிலும் அதற்கு மாறின. 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 2015 ஜனவரியில் வெளியான புதிய தொடரின் வழியாக நாமும் மாறினோம்.

சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது அமெரிக்க எண்தான். அந்தத் திருத்தத்தில் 2012ஆம் ஆண்டுக்கான அந்நாட்டு ஜிடிபி ஏறத்தாழ 56,000 கோடி டாலர், அதாவது 3.6 சதவீதம் உயர்ந்தது. அதில் ஏறத்தாழ 40,000 கோடி டாலர் ஆராய்ச்சியை முதலீடாகச் சேர்த்ததால் வந்தது. ஆனால் திருத்தம் ஓர் ஆண்டோடு நிற்கவில்லை, 1929 வரை பின்னோக்கிச் செய்யப்பட்டது. எல்லா ஆண்டுகளும் சேர்ந்தே உயர்ந்ததால் நீண்டகால வளர்ச்சி விகிதம் சுமார் 0.1 சதவீதப் புள்ளிதான் மாறியது. வளர்ச்சியை ஊதிக் காட்ட நினைப்பவர் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கமாட்டார்.

இந்தியாவைப் பொறுத்தவரை குற்றச்சாட்டு இன்னும் வலுவிழக்கிறது. 2020-21இல் நம் நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு ஜிடிபியில் 0.64 சதவீதம். அதில் 40 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசு செய்த செலவு, தனியார் தொழில் துறையின் பங்கு அதைவிடக் குறைவு. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையத்தில், மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் ராக்கெட் இயந்திரத்தை ஆண்டுக்கணக்கில் சோதித்த பொறியாளர்களின் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். பழைய முறையிலும் அது ஜிடிபிக்குள்தான் இருந்தது, அரசின் நுகர்வுச் செலவு என்ற பெயரில். புதிய முறையில் அது மூலதன ஆக்கம் என்ற வரிக்கு இடம் மாறுகிறது. இப்படி இடம் மாறும்போது ஜிடிபியில் கூடுதலாகச் சேர்வது, அந்த அறிவு மூலதனத்துக்கு ஆண்டுதோறும் கணக்கிடும் தேய்மானம் அளவுக்குத்தான். அரசு ஆய்வே பெரும்பங்கு வகிக்கும் நாட்டில் இந்த மாற்றத்தால் ஜிடிபி பெரிதாக வீங்க வழியில்லை.

அதே மகேந்திரகிரி இன்னொன்றையும் விளக்குகிறது. உள்நாட்டுக் கிரையோஜெனிக் நிலையோடு 2010 ஏப்ரலில் ஏவப்பட்ட ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் தோல்வியுற்றது, 2014 ஜனவரியில் வெற்றி கிடைத்தது. இடையில் செய்த ஒவ்வொரு சோதனையும் கணக்கில் முதலீடாகவே சேரும், தோல்வியில் முடிந்ததும் உட்பட. ஆய்வுக்குச் சந்தை விலை பெரும்பாலும் இல்லாததால், சம்பளம், பொருள்கள், கருவிகளின் தேய்மானம் என்று செலவைக் கூட்டித்தான் மதிப்பிடுகிறார்கள். ஆகவே இந்த எண் நாம் எவ்வளவு விதைத்தோம் என்பதைக் காட்டுமே தவிர, எவ்வளவு விளைந்தது என்பதைக் காட்டாது. அறிவுசார் சொத்து இயந்திரத்தைப்போல ஓரிடத்தில் நிற்பதுமில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளையும் அவை போன்ற சொத்துகளையும் அயர்லாந்துக்கு மாற்றியபோது, 2015இல் அந்நாட்டு ஜிடிபி 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவிக்க நேர்ந்தது. பிறகு அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் இந்தத் தாக்கத்தை நீக்கிய தனிக் குறியீடு ஒன்றையே உருவாக்கிக்கொண்டது. விமர்சிப்பவர்கள் சுட்டிக்காட்ட வேண்டிய குறை இதுதான்.

நம் குறைக்கு வருகிறேன். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு சிறு பட்டறை, மின்சாரச் செலவைக் குறைக்கப் பம்பினுள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரைப் புதிய வடிவில் மாதக்கணக்கில் வார்த்து, கடைந்து, ஓட்டிப் பார்த்துத் திருத்துகிறது. வேலையாட்களின் நேரம் கூலிக் கணக்கில் போகிறது, வீணான வார்ப்பு இரும்பு மூலப்பொருள் கணக்கில் போகிறது. ஆராய்ச்சி என்ற சொல்லே அவர்களுடைய பேரேட்டில் வராது. பெரிய நிறுவனங்கள் தனித் துறை வைத்துச் செய்யும் ஆய்வு கண்ணுக்குத் தெரிகிறது. இத்தகைய பட்டறைகளில் நடப்பதைத் தேடிப்போய்க் கேட்டால்தான் அறிய முடியும். அதற்கான தேசிய அளவிலான கணக்கெடுப்போ மிகத் தாமதமாக வருகிறது. 2023இல் மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை வெளியிட்ட தொகுப்பில் கடைசியாக இருந்த ஆண்டு 2020-21. இப்படிப்பட்ட அடித்தளத்தின் மேல்தான் ஒவ்வோர் ஆண்டின் முதலீட்டு மதிப்பீடும் நிற்கிறது. தனியார் ஆராய்ச்சியை ஊக்குவிக்க 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்திருக்கிறது. அந்தப் பணத்தால் நிறுவனங்கள் சொந்த ஆய்வைக் கூட்டினவா, ஏற்கெனவே செய்துவந்ததற்குப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டனவா என்பதை இத்தனை பழைய புள்ளிவிவரத்தைக் கொண்டு எவராலும் கூற முடியாது.

எனவே இரண்டு கோரிக்கைகளைப் புள்ளியியல் அமைச்சகத்தின் முன் வைக்கிறேன். ஆராய்ச்சிச் செலவுக் கணக்கெடுப்பை, சிறு, குறுந்தொழில்களையும் உட்படுத்தி, ஆண்டுதோறும் நடத்த வேண்டும். அடுத்து, சொத்து வகைவாரியான மூலதன ஆக்க அட்டவணையில் மென்பொருள், கனிமத் தேடல், ஆராய்ச்சி ஆகிய மூன்றையும் அறிவுசார் சொத்து என்ற ஒரே வரியில் சேர்த்துக் காட்டும் வழக்கத்தை விட்டு, 2022-23ஐ அடிப்படை ஆண்டாகக் கொள்ளும் தொடரிலாவது ஆராய்ச்சிக்குத் தனி வரி கொடுத்து, அதற்கு எத்தனை ஆண்டு ஆயுள் எனக் கொண்டு தேய்மானம் கணக்கிடப்படுகிறது என்பதையும் உடன் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்,
பாளையங்கோட்டை.