கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. டிஹெச்எல் கூரியர் கம்பெனி பெயரில் பணம் கட்டச் சொல்லி உனக்கு வந்த மெயிலை நேற்று எனக்கு அனுப்பியிருந்தாய், பார்த்தேன். போலிதான். லிங்க்கை அமுக்கவில்லை என்று எழுதியிருந்தாய், நல்லது. அதை அழித்துவிடாதே, அப்படியே இருக்கட்டும்.

நண்டும் கணவாயும் ஏற்றுமதி பண்ணுகிற கம்பெனியில், அதுவும் கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கிறாய். இந்த மாதிரி மெயில் இனி உனக்கு ஓயாமல் வரும். இங்கே மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிகிறது. மண்டபத்திலும் பாம்பனிலும் போட்டுகள் கடலுக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்துவிட்டால் சரக்கு குவியும். கன்டெய்னர் புக்கிங், ஹெல்த் சர்ட்டிபிகேட், ஒரிஜினல் டாக்குமெண்ட்டைக் கூரியரில் அனுப்புவது என்று உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மெயிலை அரைக் கண்ணால் பார்த்துவிட்டு அமுக்குகிற நாட்கள் அவை. அதனால் வேலை நெருக்கும் முன்னால் விளக்கமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அனுப்புநர் பெயர். மேலே "டிஹெச்எல் எக்ஸ்பிரஸ்" என்று தடித்த எழுத்தில் தெரிகிறதே, அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. இன்லேண்ட் கடிதத்தின் பின்பக்கம் அனுப்புநர் என்று யார் பெயரை எழுதிப் போட்டாலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார் அல்லவா, அதே கதைதான். மெயில் அனுப்பும் விதிமுறையை 1982-ல் எழுதியபோது, அனுப்புகிறவர் அவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடே அதில் இல்லை. சோதனைகள் எல்லாம் பல வருடம் கழித்து ஒட்டுப்போட்டவை. பெயரைத் தொட்டால் உள்ளே உள்ள முழு முகவரி தெரியும். உனக்கு வந்ததில் அது டிஹெச்எல்லுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு மரச்சாமான் கடையின் டொமைன், அதாவது அந்தக் கடையின் இணையப் பெயர். அந்தக் கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அவர் மெயில் கணக்கையும் எவனோ பிடித்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்து, ஏர்வே பில் எண், அதாவது பார்சலைத் தேடிப் பார்க்கிற எண். மெயிலில் 12 இலக்கம் போட்டிருக்கிறான். டிஹெச்எல் எக்ஸ்பிரஸ் எண்ணுக்கு 10 இலக்கம்தான். கப்பல் கம்பெனி பெயரில் வருகிறவற்றிலும் இதே பார்வை வேண்டும்: கன்டெய்னர் எண் என்றால் 4 எழுத்து, பிறகு 7 இலக்கம். எண்ணே இல்லாமல் "உங்கள் சரக்கு" என்று மொட்டையாக இருந்தால் படிப்பதை அங்கேயே நிறுத்திவிடலாம். எண் சரியாக இருந்தால் உங்கள் புக்கிங் பதிவேட்டோடு ஒத்துப்பார். அதில் இல்லாத எண் உனக்கு எதற்கு?

கட்டச் சொல்லியிருக்கிற தொகை 100 ரூபாய்கூட இல்லை என்பதைக் கவனித்தாயா? அந்தக் காசு அவனுக்கு வேண்டியதே இல்லை. சின்னத் தொகை என்றால் யாரும் யோசிக்காமல் கார்டு எண், பின்பக்க மூன்று இலக்கம், ஓடிபி எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். நீ ஓடிபி தட்டுகிற அந்த நிமிடத்தில் அவன் வேறு எங்கோ பெரிய தொகைக்கு அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பான். அதனால் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்கத்தை மட்டும் பார்க்காதே. எவ்வளவு ரூபாய், யாருக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும், அதைப் படி.

ஒன்று சொல்லவேண்டும். கூரியர் கம்பெனிகள் சுங்க வரி கட்டச் சொல்லி நிஜமாகவே மெயில் அனுப்புவது உண்டு. "பணம் கேட்டால் போலி" என்று ஒரே கோடாகப் போட்டால் நிஜ சரக்கு துறைமுகத்தில் கிடக்கும். ஆகவே மெயில் நிஜமா பொய்யா என்று தீர்ப்பு சொல்லும் வேலையை நீ எடுத்துக்கொள்ளவே வேண்டாம். மெயிலை மூடு. பிரவுசரில் கம்பெனியின் முகவரியை நீயே தட்டு, அல்லது முன்பே புக்மார்க் பண்ணி வைத்ததைத் திற. எண்ணைப் போட்டுப் பார். வரி பாக்கி இருந்தால் அங்கேயே தெரியும். கூகுளில் தேடிப் போகாதே. தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாகவே போலித் தளம் நிற்கிறது, போலி கஸ்டமர் கேர் எண்களும் அப்படித்தான் பரவுகின்றன.

லிங்க்கைப் படிக்கும் முறை. கம்ப்யூட்டரில் அதன்மேல் மௌஸை வைத்தால் இடது கீழ் மூலையில் முகவரி தெரியும். போனில் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் வெட்டி எடுத்துக்கொள். அந்தத் துண்டை வலமிருந்து இடமாகப் படி. உனக்கு வந்தது "டிஹெச்எல் டாட் காம் டாட் பார்சல்-வெரிஃபை டாட் டாப்" என்கிற மாதிரி அமைப்பு. முன்னால் டிஹெச்எல் டாட் காம் என்று தெரிவது வெறும் அலங்காரம். கடைசியில் நிற்கிற பார்சல்-வெரிஃபை டாட் டாப்தான் உரிமையாளர். டாட் கோ டாட் இன் மாதிரி இரட்டை வாலாக இருந்தால் அதற்கு முந்தின சொல்லைப் பார். அந்தத் துண்டின் நடுவில் அட் குறி இருந்தால் அதற்கு முன்னால் உள்ளது எதையும் பிரவுசர் கணக்கில் எடுக்காது, பின்னால் உள்ள இடத்துக்குத்தான் போகும். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலவே தெரியும். மைக்ரோசாஃப்ட் பெயரில் இந்த வித்தை ரொம்பப் பழசு, போனின் சின்னத் திரையில் இன்றும் பலிக்கிறது.

எழுத்துப்பிழையை வைத்துப் பிடிக்கிற காலம் போய்விட்டது. இப்போது ஏஐ எழுதிக் கொடுக்கிறது. தமிழில்கூடத் திருடன் நம்மைவிடச் சுத்தமாக எழுதுகிறான்.

நீ சாதாரணமாக ஃபார்வர்டு பண்ணியதால் எனக்கு மெயிலின் உடம்பு மட்டும்தான் வந்தது. எந்த சர்வர் வழியாக வந்தது என்கிற தலைப்பு விவரம் எல்லாம் உதிர்ந்துவிட்டது. அடுத்த முறை கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மேல் பட்டையில் உள்ள மூன்று புள்ளியை அமுக்கி, "ஃபார்வர்டு ஆஸ் அட்டாச்மென்ட்" கொடு. மெயிலுக்குள் ரிப்ளை குறிக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியில் "ஷோ ஒரிஜினல்" என்று இருக்கும். அதைத் திறந்தால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரி. முதலாவது, அந்த டொமைனுக்காக மெயில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வரா என்று பார்ப்பது. இரண்டாவது, டொமைனின் டிஜிட்டல் கையெழுத்து. மூன்றாவது, உன் கண்ணுக்குத் தெரியும் முகவரியோடு அந்த இரண்டில் ஒன்றாவது பொருந்துகிறதா என்று. டிமார்க் "ஃபெயில்" என்றால் தொடாதே. ஆனால் மூன்றும் "பாஸ்" என்பதாலேயே அவன் யோக்கியன் ஆகிவிட மாட்டான். தன் சொந்த டொமைனை ஒழுங்காகப் பதிவு செய்த திருடனுக்கும் மூன்றும் பாஸ்தான். எந்த டொமைனுக்கு பாஸ் என்பதுதான் கேள்வி. பேபால் மாதிரி இணையப் பணப் பரிமாற்றச் சேவைகளில் இன்னொரு கூத்து: திருடன் அங்கேயே கணக்குத் தொடங்கி உனக்கு இன்வாய்ஸ் அனுப்புவான், குறிப்புப் பகுதியில் ஒரு போன் எண்ணை எழுதிவிடுவான். மெயில் நிஜமாகவே பேபால் சர்வரிலிருந்து வரும், எல்லாச் சோதனையும் தேறும். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால்தான் வம்பு.

அட்டாச்மென்ட் விஷயத்துக்கு வருகிறேன். உன்னுடையதில் இருந்தது ஹெச்டிஎம்எல் கோப்பு, அதாவது இணையப் பக்கத்தின் வடிவம். இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) எதையும் யாரும் அந்த வடிவில் அனுப்ப மாட்டார்கள். திறந்தால் உன் கம்ப்யூட்டரிலேயே ஒரு லாகின் பக்கம் விரியும், முகவரிப் பட்டையில் சந்தேகப்பட ஒரு டொமைனும் இருக்காது. அதற்காகவேதான் அந்த வடிவம். வேர்டு, எக்செல் கோப்புக்குள் ஒளிந்து ஓடும் மேக்ரோ என்கிற குட்டி நிரலை இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மைக்ரோசாஃப்ட் 2022-ல் தானாகவே தடுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு திருடர்கள் ஐஎஸ்ஓ என்கிற டிஸ்க் நகல் கோப்பு, பாஸ்வேர்டு போட்ட ஜிப் என்று மாறினார்கள். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவது ரகசியம் காக்க அல்ல, வைரஸ் சோதனை உள்ளே பார்க்க முடியாமல் இருக்க. விண்டோஸில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை வியூ மெனுவில் டிக் பண்ணி வை. இல்லையென்றால் இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ என்பதன் கடைசி வால், அதாவது இது இயங்கும் புரோகிராம் என்று சொல்லும் பகுதி, மறைந்து பிடிஎஃப் மாதிரியே காட்டும். மெயிலுக்குள் கியூஆர் கோடு வந்தாலும் ஸ்கேன் பண்ணாதே. ஆபீஸ் கம்ப்யூட்டரின் காவலைத் தாண்டி உன் சொந்த போனுக்கு உன்னை இழுக்கிற வழி அது.

"உங்கள் மெயில்பாக்ஸ் நிறைந்துவிட்டது", "பாஸ்வேர்டு இன்று காலாவதி" என்று மைக்ரோசாஃப்ட் பெயரில் வருவதுதான் ஆபீஸ்களில் அதிகம் பலிக்கிறது. பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கிற இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதே. போலிப் பக்கம் நடுவில் நின்று நீ தட்டும் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் அதே நொடியில் உண்மைத் தளத்துக்குக் கடத்திவிடும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் பாஸ்கீ என்கிற டிஜிட்டல் சாவி அப்படி ஏமாறாது, அது டொமைனோடு கட்டப்பட்டது, வேறு டொமைனில் வேலையே செய்யாது. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜரும் தப்பான தளத்தில் தானாக நிரப்பாது. எப்போதும் நிரப்புகிற இடத்தில் அது சும்மா இருந்தால் கையால் தட்டிவிடாதே, முகவரியைப் பார்.

இப்போது உன் வேலைக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்" என்று மெயில் வந்தால் பழைய ஃபைலில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுப் பேசு. மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல. ரிப்ளையும் பண்ணாதே, ரிப்ளை போகும் முகவரி வேறாக இருக்கும். கூகுளும் ஃபேஸ்புக்குமே இதில் மாட்டியிருக்கின்றன. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசவுஸ்காஸ் என்பவன், அவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் கம்பெனியின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, 2013 முதல் 2015 வரை போலி இன்வாய்ஸ் அனுப்பி 10 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டான். 2019-ல் 5 வருடச் சிறை கிடைத்தது. அங்கே கணக்குப் பார்த்தவர்கள் முட்டாள்கள் இல்லை. நிஜமாகவே வியாபாரம் நடந்துகொண்டிருந்த கம்பெனியின் பெயர், அதனால் சந்தேகம் வரவில்லை.

ஏற்றுமதிக் கம்பெனிக்கு இது தலைகீழாகவும் நடக்கும். உங்கள் பெயரில் அமெரிக்காவில் இருக்கும் வாங்குகிறவருக்கு மெயில் போகும், கணக்கு மாறிவிட்டது என்று. அவர் பணம் கட்டிவிட்டதாகச் சொல்வார், உங்களுக்கு வந்திருக்காது, சரக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். "எங்கள் கணக்கு மாற்றத்தை மெயிலில் ஒருபோதும் தெரிவிக்க மாட்டோம்" என்று இன்வாய்ஸிலேயே ஒரு வரி அச்சடிக்கச் சொல்லிப் பார். சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் உங்கள் டொமைனின் டிமார்க் பாலிசி "நன்" (ஆங்கிலத்தில் ஒன்றும் செய்யாதே என்று பொருள்) என்று இருக்கிறதா, "ரிஜெக்ட்" என்று இருக்கிறதா என்றும் ஐடி பையனிடம் கேள். "நன்" என்றால் உங்கள் பெயரில் எவன் போலி மெயில் அனுப்பினாலும் அறிக்கை மட்டும் வரும், தடுக்காது. புதிதாகச் சேர்ந்தவள் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்காதே.

ஒருவேளை அமுக்கிவிட்டால்? பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் வேறு கம்ப்யூட்டரிலிருந்து உடனே மாற்று, எல்லாக் கருவியிலிருந்தும் சைன் அவுட் கொடு. இத்தோடு முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மெயில் ரூல்ஸைத் திறந்து பார். "இன்வாய்ஸ்" என்ற சொல் உள்ள மெயில்களை வேறு ஃபோல்டருக்குத் தள்ளவோ வெளி முகவரிக்கு அனுப்பவோ விதி எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது அழியாது. ஏதாவது ஆப்புக்கு "அலவ்" கொடுத்திருந்தால் அந்த அனுமதியையும் தனியாக நீக்க வேண்டும். ஆபீஸில் மறைக்காமல் அப்போதே சொல்லிவிடு. இப்படிப்பட்ட சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு இருக்கிறது. நீ மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் கம்பெனியின் கணக்கில் கழிகிறது.

பணம் போயிருந்தால் 1930, சைபர் குற்ற உதவி எண். முதல் போன் அதற்கு, அடுத்தது வங்கிக்கு. பரிமாற்றத்தின் யுடிஆர் எண் (வங்கி தரும் அடையாள எண்), நேரம், தொகையைக் கையில் வைத்துக்கொண்டு பேசு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன்னால் முடக்கினால்தான் திரும்பும். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிவு செய். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, நீயே விவரத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது உன் தலையில். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்.

வங்கி மெயில்களுக்கு இப்போது ஒரு நல்ல அடையாளம் கிடைத்திருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கித் தளங்களும் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் டொமைனுக்கு மாறவேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. வங்கி அல்லாத யாருக்கும் அந்த வால் கிடைக்காது. அரசுத் துறை என்றால் டாட் கவ் டாட் இன். உங்கம்மாவின் போனுக்கும் "முகவரி சரியில்லை, பார்சல் நிற்கிறது" என்று இந்தியா போஸ்ட் பெயரில் எஸ்எம்எஸ் வருகிறது. அவள் பங்குக்கு, "பார்சல் நின்றால் போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்து சொல்வாரே" என்று அழித்துவிட்டாள். அமேசானில் அவளுக்கு ஆர்டர் போட்டுக் கொடுப்பது நீதானே, உனக்கு இது உதவும்: உன் கணக்குக்குள் "மெசேஜ் சென்டர்" என்ற பகுதியில் அமேசான் அனுப்பிய மெயில்கள் இருக்கும். இன்பாக்ஸில் வந்தது அங்கே இல்லை என்றால் நம்பாதே.

உன் ஜிமெயிலில் ரெகவரி எண்ணாக இன்னும் நீ கல்லூரியில் வைத்திருந்த சிம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரீசார்ஜ் பண்ணாமல் விட்ட எண்ணை சிம் கம்பெனி சில மாதத்தில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும், பிறகு உன் ஓடிபி அவர் போனுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை லீவில் அதை மாற்றிவிட்டு எனக்கு ஒரு போன் போடு. வங்கியிலும் ஆதாரிலும் எந்த எண் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா