பக்கத்துக் கட்டிலருகே இருந்த அக்காவுக்கு நன்றி

கரு கலைந்து மருத்துவமனையில் கிடந்த எனக்கு, பக்கத்துக் கட்டிலில் இருந்த தம் மாமியாருக்குத் துணையாக வந்து உதவிய, பெயர்கூடத் தெரியாத அக்காவுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து இந்த நன்றியை எழுதுகிறேன்.

பாரம் தூக்கினாயா, பப்பாளி தின்றாயா என்று உறவினர்கள் என்னைக் கேட்டபோது, தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் கருவின் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) கோளாறே காரணம், தாயின் செயல் அன்று என்று அவர்கள் காதில் விழும்படி நிதானமாகச் சொன்னீர்கள். 2023 முதல் 98 நாளாக உயர்த்தப்பட்ட மகப்பேறு விடுப்பு, குறைந்தது 22 வாரக் கர்ப்பத்துக்குப் பிந்தைய பிரசவத்துக்கே உரியது என்பதை விளக்கி, மருத்துவரிடம் நோய் விடுப்புச் சான்று கேட்க வைத்தவரும் நீங்கள்தான்.

பிள்ளை பெற்றவளுக்கு மட்டுமே பத்தியம் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். இழந்தவளுக்கும் அது வேண்டும் என்பதே என் எண்ணம். நீங்கள் தூக்குச் சட்டியில் கொண்டுவந்த பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும், தங்கை பிறந்தபோது தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பாட்டி சமைத்த அதே மணத்தோடு இருந்தன. ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் புறப்படும் விடியலில் அம்மா கேட்ட பழைய பாடல்களை, உங்கள் கைப்பேசியில் மின்னல் எஃப்எம் வானொலி வழியாக மெல்ல ஒலிக்கவிட்டீர்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, நீங்களும் தடுக்கவில்லை.

உங்கள் தூக்குச் சட்டி என்னிடமே இருக்கிறது, அக்கா. உங்களை அறிந்தவர்கள் தெரிவித்தால், அதை எடுத்துக்கொண்டு நேரில் வந்து நன்றி சொல்வேன்.